ஒரு பஸ் முழுக்கத் தெரிந்த ஓடிபி

போன வருடம் மழைக்காலத்தில், கொல்லிமலையிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய அன்று நடந்தது இது. அரியூர் நாட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் டீச்சர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மலைக்கு மாற்றல் என்றதும் மூக்கைச் சிந்தி அழுதவள்தான். இப்போது கீழே மாற்றல் கொடுத்தாலும் போகிற எண்ணம் இல்லை.

என் ஒரே மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். அப்பா இல்லாத பிள்ளை. வயிற்றில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். "உள்ள போறதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பாத்துட்டுப் போயிடணும்மா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நாமக்கல்லில் டிக்கெட் போட்டேன். கோவையிலிருந்து மும்பைக்கு ஒரு விமானம், அங்கிருந்து வேறொரு கம்பெனி விமானத்தில் லண்டன். ஆபரேஷனுக்கு முன்பு போய்ச் சேர அந்த ஒரு வழிதான் கிடைத்தது. தவறவிட்டால், அவள் கண் திறக்கும்போதுதான் பார்க்க முடியும். திறக்காமலே போய்விட்டால் என்று பெற்ற மனம் வேறு படுத்தியது.

மலையில் எங்களுக்கெல்லாம் இரண்டு நம்பர். எங்கள் ஊரில் ஒரு கம்பெனி டவர்தான் எடுக்கும், அதற்கு ஒரு பட்டன் போன். கீழே இறங்கினால் டச் போன். டிக்கெட்டுக்கு நான் கொடுத்திருந்தது மலை நம்பரை. கிளம்பும்போது அந்தப் பட்டன் போனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவரிடம் போன் கிடையாது. என் கோழிகளும் நாயும் அவர் பொறுப்பு. லண்டனிலிருந்து கூப்பிட்டுக் கோழிகளை நலம் விசாரிப்பது என் திட்டம். விமானக் கம்பெனிக்காரர்கள் என்னைத் தேடினால் எங்கே தேடுவார்கள் என்று இந்தப் படித்த மண்டைக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு பழக்கமும் மலையில் எனக்குத் தொற்றியிருந்தது. வளைவுகளில் சிக்னலைத் தேடித் தேடியே போனில் சார்ஜ் இறங்கிவிடும். அதனால் பஸ் ஏறியதும் போனை அணைத்துவிடுவோம். அன்றைக்கும் அணைத்தேன். வாந்தி வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, ஜன்னலில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன்.

முள்ளுக்குறிச்சிக்கு வந்ததும் பஸ் சடாரென்று நின்றது. விழித்துப் பார்த்தால், டீக்கடை அம்மா ஒருவர் வடைக் கரண்டியோடு நடுரோட்டில் நிற்கிறார்.

"ஏனுங்க, லண்டன் போற டீச்சர் இந்த வண்டியில இருக்காங்களா?"

முந்தின நாள் மழையில் எங்கள் ஊர் டவர் படுத்துவிட்டிருந்தது. நான் கிளம்பிய பிறகு அது உயிர்பெற, நின்றுபோன மெசேஜ் எல்லாம் பட்டன் போனில் வரிசையாக விழுந்திருக்கிறது. அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் இத்தனை தடவை மணி அடிக்கிறதே, பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பதறி, மாட்டுக்குத் தீனி வைத்ததைப் பாதியில் அப்படியே விட்டுவிட்டு ஊர் மளிகைக் கடைக்கு ஓடியிருக்கிறார். கடைக்காரர் படித்துப் பார்த்தார். லண்டன் விமானம் இனி மும்பையின் பழைய விமான நிலையத்திலிருந்து கிளம்பாது, புது நிலையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று இருந்தது. என் போன் அணைந்திருந்தது. டிரைவர் போனுக்கு வளைவில் சிக்னல் இல்லை. உடனே அவர், தான் வழக்கமாகப் பலாப்பழம் அனுப்பும் இந்த டீக்கடைக்குப் போன் போட்டு, பஸ்ஸை மறிக்கச் சொல்லியிருக்கிறார்.

என் கோவை விமானமோ பழைய நிலையத்தில்தான் இறங்கும். நான் போனை உயிர்ப்பித்து மகளைக் கூப்பிட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை. "ரெண்டும் மும்பைதானே, டாக்ஸி பிடிச்சுக்கிறேன்" என்று தைரியமாகச் சொன்னேன்.

"அம்மா, நடுவுல கடலே இருக்கும்மா. அந்த டிராஃபிக்ல நீ போய்ச் சேரமாட்டே." ஸ்பீக்கரில் அவள் அழுதது பஸ்ஸுக்கே கேட்டது. அப்புறம் அவளே தேடினாள். கோவையிலிருந்து நேராகப் புது நிலையத்துக்கே ஒரு விமானம் இருந்தது. என் டிக்கெட்டை அதற்கு மாற்ற வேண்டும். "ஓடிபி வரும்மா, பாத்துச் சொல்லு" என்றாள்.

வந்தது, மலை நம்பருக்கு.

டீக்கடை அம்மா தன் போனில் அக்காவைப் பிடித்தார். பட்டன் போனில் பேசிக்கொண்டே மெசேஜ் பார்க்க அக்காவுக்கு வரவில்லை. வைத்துவிட்டு, பார்த்து, திரும்பக் கூப்பிட்டுச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மகள் மறுபடி அனுப்பினாள். இந்தத் தடவை மளிகைக் கடைக்காரர் தன் போனில் பேச, பட்டன் போனைப் பார்த்து அக்கா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நடுவில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. டீக்கடை அம்மா காதில் விழுந்ததைச் சத்தம் போட்டுச் சொன்னார். கண்டக்டர் அதைத் திருப்பிச் சொன்னார். நான் மகளிடம் சொல்லும்போது ஒன்றை மறந்து திகைக்க, பின் சீட்டிலிருந்து நாலைந்து பேர் ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்த பஸ்ஸில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். நேரம் தப்பினால் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிப் பெண் ஒருத்தியும் இருந்தாள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "பொறுமையா பாருங்க டீச்சர், வண்டி எங்கயும் போகாது" என்றார். நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டபோது அந்தக் கர்ப்பிணிப் பெண்தான் சொன்னாள்: "இருக்கட்டுங்க. எங்கம்மா வரலீன்னா நானும் இப்பிடித்தான் அழுவேன்."

மகள் போனில் "மாறிடுச்சும்மா" என்றதும் நான் சொல்வதற்கு முன்பே பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னல் வழியாக யாரோ சூடான வடை ஒன்றை என் கையில் திணித்தார்கள். கர்த்தரே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ஆபரேஷன் அறை வாசல் வரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். கதவு மூடும்வரை அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆண்டவர் புண்ணியத்தில் அது சாதாரணக் கட்டி. இப்போது நன்றாக இருக்கிறாள்.

ஊர் திரும்பி அக்காவுக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தேன். "கோழி ஒண்ணைக் கீரி புடிச்சிருச்சு டீச்சர்" என்று அவர்தான் என்னிடம் வருத்தப்பட்டார். டீக்கடை அம்மாவிடம் சாக்லேட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, அந்த எண்களை வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டுச் சிரித்தார்.

இப்போதும் ஓடிபி வரும்போதெல்லாம், 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற வரியும் கூடவே வருகிறது. நல்ல புத்திமதிதான், நானும் மீறுவதில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு பஸ்ஸே சேர்ந்து அதை உரக்கச் சொன்னதால்தான் என் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.