மேலுமலை ஏறாத லாரி

காரியம் முடிஞ்ச மறுநாளே நான் வேலைக்குப் போயிட்டேன். அதைப் பேசிப் பேசியே ஜீவனஹள்ளியில எங்க வரிசை வீட்டு ஜனங்களுக்கு வாய் வலிச்சுப் போச்சு. கல்நெஞ்சுக்காரன்னாங்க. கல்லாயிருந்தா கனமாவது தெரியணுமே, எனக்கு ஒண்ணுமே தெரியல. பசிச்சா தின்னேன், படுத்தா தூங்கினேன். காமாலையில போன பெண்டாட்டியை நினைச்சு அழலாம்னு ஒரு மத்தியானம் சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்தும் பார்த்தேன். கொட்டாவிதான் வந்துச்சு. கொட்டாவி விடறதுக்கு வீட்டுல எதுக்கு உட்காரணும், போய் ஸ்பேனரைப் பிடிப்போம்னு கிளம்பிட்டேன்.

நான் வேலை பார்த்த லாரி ஷெட்டு ரயில் பாதையை ஒட்டி இருந்துச்சு. முதலாளி ஒரு சாயபு, நாங்க பாய்னு கூப்பிடுவோம். அறுபதுகளோட ஆரம்பம் அது. பெங்களூர்ல அப்ப ஓடின லாரிங்கள்ல நிறைய, ரெண்டாவது உலக யுத்தத்துல ஓடி ஓய்ஞ்சு ஏலத்துல வந்ததுங்க. பெட்ரோலுக்குக் கொட்டி அழ முடியலைன்னு ஓனருங்க பழைய எஞ்சினைக் கழட்டி எறிஞ்சிட்டு டீசல் எஞ்சினைத் தூக்கி வைப்பாங்க. ஒருத்தன் சட்டையை இன்னொருத்தனுக்கு மாட்டினா எங்கேயாவது பிடிக்கத்தானே செய்யும். பிடிக்கிற இடத்தைச் சரி பண்றதுதான் என் பிழைப்பு.

அந்த வாரம் ஷெட்டுல நின்னது என் மச்சான் ஓட்டுற லாரி. மச்சான்னா என் பெண்டாட்டியோட தம்பி. வீடு வாணியம்பாடியில, ஓட்டம் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும். அக்கா காரியத்துக்கு அந்த லாரியிலதான் வந்தான். லோடு ஏத்தினா வண்டி இழுக்கவே மாட்டேங்குதாம். கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏத்தம் வந்தா கன்னங்கரேல்னு புகை கக்கிக்கிட்டு நின்னு நின்னு ஏறுமாம். மாட்டு வண்டிக்காரன் தாண்டிப் போறப்ப திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான் மாமான்னு சொன்னான். அவன் அக்காவைப் புதைச்சுட்டு வந்த வீட்டுல உட்கார்ந்து இதைச் சொன்னான்; நானும் உம் கொட்டிக் கேட்டேன். ரெண்டு பேருக்கும் அதைத் தவிர பேச எதுவும் கிடைக்கல.

காரியத்தன்னைக்கு இன்னொரு பேச்சும் முடிவாச்சு. எனக்கு ஒரே மக, மூணு வயசு நிறையல. பொம்பளைப் பிள்ளையை ஆம்பளை நீ எப்படி வளர்ப்பேன்னு பெரியவங்க கேட்டாங்க. மச்சானுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் கல்யாணமாகி வருஷக்கணக்கா குழந்தை இல்ல. "கொஞ்ச நாள் எங்க வீட்டுல இருக்கட்டும் மாமா"ன்னான். பிள்ளை இல்லாத வீட்டுல அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள்னு அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். மச்சான் பெண்டாட்டி அப்பவே என் மகளை மடியில வச்சுத் தலைவாரிக்கிட்டு இருந்தா. நான் தலையை ஆட்டினேன். வீட்டுல இருந்த பீரோவைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பேன். மச்சான் பெண்டாட்டி முன்னாடியே பஸ்ல ஊருக்குப் போய் வீட்டை ஒழுங்கு பண்றதுன்னும், லாரி சரியானதும் மச்சான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்றதுன்னும் ஏற்பாடு.

கோலார் தங்கவயல்ல இருந்த என் அக்கா மட்டும் ஒத்துக்கல. அவ மகளுக்கு அப்பத்தான் பிரசவம் ஆகியிருந்துச்சு, உடனே கிளம்பி வர முடியல. கார்த்திகை தீபம் முடிஞ்சதும் நான் வந்து உன்கூடவே தங்கிடறேன், அதுவரைக்கும் பிள்ளையை யார்கிட்டயும் விட்டுடாதேன்னு ஆள் மேல ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினா. அதுக்கும் தலையை ஆட்டினேன். இதுல ஒரு வழி இருக்கத்தான் இருந்துச்சு. அந்த வாரத்துக்குள்ள லாரி சரியாகலைன்னா ஓனர் மச்சானை வேற லாரியில ஏத்தி ஷிமோகா பக்கம் அனுப்பிடுவார். அவன் திரும்பி வர்றதுக்குள்ள அக்கா வந்து வீட்டுல உட்கார்ந்துடுவா, பிள்ளை எங்கேயும் போகாது. லாரி சரியானா என் மக அதுல ஏறிப் போயிடுவா. லாரியைச் சரி பண்ண வேண்டியவன் நான்.

மச்சான் டீசல் பம்பு மேல பழி போட்டான். பம்பு பாவம், ஒரு தப்பும் பண்ணல. எஞ்சின்ல இருந்து புகை வெளியே போறதுக்கு அதோட மேல் மூடியான ஹெட்டுக்குப் பக்கத்துல வார்ப்பிரும்புல ஒண்ணு மாட்டியிருக்கும். ஒவ்வொரு சிலிண்டர் புகையையும் வாங்கி ஒண்ணாச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும். அதுக்கு எக்ஸாஸ்ட் மேனிபோல்டுன்னு பேர். இந்த லாரிக்கு டீசல் எஞ்சின் வச்ச ஆள், கம்பெனி மேனிபோல்டு லாரியோட அடிச்சட்டத்துல இடிக்குதுன்னு ஏதோ ஒரு வார்ப்படக்காரன்கிட்ட புதுசா வார்த்து வாங்கியிருக்கான். கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். ஹெட்டுல இருந்த துளையை விட இதோட வாய் சின்னது. அதுவும் நேருக்கு நேரா இல்லாம ஒதுங்கி நிக்குது. உள்ளே பலாக்காய்த் தோல் மாதிரி முள்ளு முள்ளா இருந்துச்சு. வர்ற புகையில பாதி சுவத்துல முட்டித் திரும்பினா எஞ்சின் எங்கே மூச்சு விடும்? இதை மாட்டினவனை மட்டும் நேர்ல பார்த்திருந்தா ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஹெட்டுக்கும் இதுக்கும் நடுவுல புகை கசியாம இருக்க வைக்கிற புது கேஸ்கெட்டை இது மேல வச்சு, சரியான வாய் எவ்வளவுன்னு கோடு கிழிச்சேன். கோடு வரைக்கும் இரும்பைத் தின்னு எடுக்கணும். மோட்டார்ல சுத்துற கல்லைக் கையில பிடிச்சு உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்க்கணும். அவசரப்பட்டா சுவர் மெல்லிசாகி ஓட்டை விழுந்துடும், அப்புறம் மொத்தமும் பழைய இரும்புக் கடைக்குத்தான். கல்லு எட்டாத வளைவுக்கு அரை வட்ட அரம், கடைசியில வழவழப்புக்கு எமரித் துணி. மூக்குக்குள்ளே இரும்புத் தூள் அப்பிக்கிச்சு. அந்தச் சத்தத்துல யாரும் வந்து துக்கம் விசாரிக்க முடியல, அது ஒரு நிம்மதி.

மத்தியானம் பக்கத்து வீட்டம்மா சோத்துத் தூக்கோட என் மகளையும் கூட்டிக்கிட்டு வருவாங்க. அவ என்கிட்ட வர மாட்டா, கல்லு சத்தத்துக்குப் பயம். மச்சான் தூக்கி லாரி சீட்டுல உட்கார வைப்பான். ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, லாரி எப்ப போகும் மாமான்னு அவனைக் கேட்டுக்கிட்டே இருப்பா. உங்கப்பன் தேய்ச்சு முடிச்சதும் போகும்னு அவன் சொல்லுவான். அவன் நல்லவன். கெட்டவனா இருந்திருந்தா எனக்கும் சௌகரியமா இருந்திருக்கும்.

ஒரு நாள் தொழுகை முடிஞ்சு வந்த பாய் என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார். அக்கா சொல்லி அனுப்பின விஷயம் அவர் காதுக்கும் போயிருந்துச்சு. டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்.

"அந்த மேனிபோல்டுல ஒரு பக்கம் சுவர் மெல்லிசாத்தானே இருக்கு. தேய்க்கிறப்ப ஓட்டை விழுந்துடுச்சுன்னு நான் லாரி ஓனர்கிட்ட சொல்லிடறேன். புதுசா வார்த்து வர்றதுக்குள்ளே உன் அக்கா வந்துடுவா. பொய் என் தலையில போகட்டும்."

எனக்கு வந்துச்சே ஒரு கோபம். பெண்டாட்டியைக் குழியில இறக்கினப்ப வராத சூடு அப்பத்தான் உடம்புல வந்துச்சு. காது வரைக்கும் கொதிச்சுது.

"என் கையால இதுவரைக்கும் ஒண்ணுலயும் ஓட்டை விழுந்ததில்ல பாய்"னேன்.

அவர், "நான் மேனிபோல்டைப் பத்திப் பேசலப்பா"ன்னு சொல்லிட்டு, கிளாசை வச்சிட்டுப் போயிட்டார்.

நான் திரும்பி வந்து இன்னும் வேகமாத் தேய்ச்சேன். அவர் சொன்ன மெல்லிசான பக்கம் கடைசியா வந்துச்சு. கல்லை எடுத்துட்டு அரத்தாலயே, தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கிட்டே போனேன். ஓட்டை விழல. உள்ளே விரலை விட்டா வழவழன்னு கண்ணாடி மாதிரி ஓடிச்சு. சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதிரி ஒரு வேலையை அதுக்கு முன்னாலயும் நான் பண்ணல, பின்னாலயும் பண்ணல. மாட்டி, நடு நட்டுல இருந்து ரெண்டு பக்கமும் இறுக்கி, எஞ்சினைச் சூடாக்கி மறுபடியும் இறுக்கினேன். மணல் லோடு ஏத்தி மச்சான் ஓசூர் ரோட்டுல ஒரு ஓட்டம் விட்டுட்டு வந்தான். வந்தவன் முகமெல்லாம் பல்லு. மாமா கைக்குத் தங்கக் காப்பு போடணும்னு ஷெட்டு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். பாய் அந்தப் பக்கமே வரல.

மறுநாள் காலையில கிளம்பினாங்க. பக்கத்து வீட்டம்மா என் மகளுக்குத் தலை பின்னி மை வச்சு, துணி மூட்டையோட கொண்டு வந்தாங்க. மச்சான் அவளைத் தூக்கி உள்ளே உட்கார வச்சான். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. விட மாட்டேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மச்சானே இறக்கி விட்டிருப்பான், அவன் கண்ணுல அது தெரிஞ்சுது. நான் மேனிபோல்டுக்குப் பக்கத்துல கையை வச்சுப் பார்த்தேன், எங்கேயும் புகை கசியல.

"ஓசூர்ல நிறுத்தி நட்டை ஒரு தடவை இறுக்கிப் பாரு"ன்னேன்.

கார்த்திகை முடிஞ்சு அக்கா வந்தா. காலி வீட்டைப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா, நீயெல்லாம் பெத்தவனான்னு கேட்டா. இப்பவே போய்க் கூட்டிக்கிட்டு வான்னா. பொங்கல் கழியட்டும்னேன். பொங்கல் கழிஞ்சதும் ஷெட்டுல வேலை அதிகம்னேன். நான் சொன்ன எதுவும் பொய்யில்ல. எதையும் எந்திரிச்சுப் போய்ச் செய்யத் தோணல, அவ்வளவுதான். ரெண்டு மாசம் பார்த்துட்டு அக்கா திட்டிக்கிட்டே ஊருக்குத் திரும்பிட்டா.

மச்சான் பெங்களூர் வர்றப்பல்லாம் ஷெட்டுக்கு வருவான். பிள்ளை நல்லாச் சாப்பிடுது மாமா, சதை போட்டிருக்கு மாமான்னு அவனாவே சொல்லுவான். லாரி எப்படி இழுக்குதுன்னு நான் கேட்பேன். மேலுமலையில இப்ப ரெண்டாம் கியரே போட வேண்டியதில்லைன்னு சொல்லுவான். கூட்டிக்கிட்டு வான்னு நான் சொல்லல, அவனும் கொண்டு வரல.

சித்திரை வெயில்ல ஒரு நாள் அவங்க மூணு பேருமா வந்தாங்க. யாரோ சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணமாம். நான் ஒரு கியர் பாக்சைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் பெண்டாட்டி முதல்ல இறங்கினா, அப்புறம் என் மகளை இறக்கி விட்டா. புதுப் பாவாடை, தலை நிறைய கனகாம்பரம். நல்லா வளர்ந்திருந்தா. யார் வந்திருக்காங்க பாருன்னு மச்சான் அவளை என் பக்கமாத் தள்ளி விட்டான். எழுந்து தூக்கலாம்னு ரெண்டு கையையும் நீட்டினேன். அவ பின்னால நகர்ந்து மச்சான் காலைக் கட்டிக்கிட்டா.

"அப்பா, மாமா கையெல்லாம் கறுப்பு"ன்னா.

மச்சான் முகம் செத்துப் போச்சு. அவசரமா அவளை அதட்டினான். அவன் பெண்டாட்டி ரயில் பாதைப் பக்கம் திரும்பிக்கிட்டா. அவங்க சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க, அது எனக்குத் தெரியும். அந்த வீட்டுல என்னைப் பத்திப் பேச்சு வந்தா மச்சான் மாமான்னுதானே சொல்லுவான், அதைக் கேட்டு அவளும் சொல்றா. அவ மேல என்ன தப்பு? அப்பத்தான் எனக்கு வலிச்சுது. பெண்டாட்டி போனதும் மக போனதும் ஒண்ணாச் சேர்ந்து அப்பத்தான் நெஞ்சுல இறங்குச்சு. மூச்சு விட முடியல, கண்ணு தெரியல. பிள்ளை பயந்துடப் போகுதேன்னு கையை மடக்கிப் பின்னால வச்சுக்கிட்டேன்.

"ஆமா கண்ணு, மாமா கை கறுப்புதான்"னேன்.