கிணற்றுக்குப் போட்ட குளோரின்

நீச்சல் தடாகத்தில் குளித்துவிட்டு வந்த மகளின் தலையில் குளோரின் மணந்தது. முடி தேங்காய்த் தும்பாய்த் திரண்டிருந்தது. தேசிக்காயைப் பிழிந்து தேய்க்கத் தொடங்கினேன்.

என் சின்ன வயதில் இதே மணம் எங்கள் கிணற்றிலும் இருந்தது. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய நாங்கள் புத்தூர் வீட்டுக்குத் திரும்பியபோது, காவலுக்கு நின்ற பெரியப்பாவைக் காணவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்த அப்பா எங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் கிணற்றை வற்ற இறைத்து, வாளி வாளியாகக் குளோரின் கரைத்து ஊற்றினார்கள். அந்தத் தண்ணீரில்தான் அம்மா என்னை முழுக வார்த்தார். மணம் போகத் தேசிக்காயை உச்சியில் அழுத்தித் தேய்த்தார்.

"பெரியப்பா எங்கை அம்மா?"

"கண்ணை மூடு பிள்ளை, எரியும்."

இப்போது மகள் கேட்டாள்: "தண்ணிக்கு ஏனம்மா குளோரின் போடுறவை?"

"கண்ணை மூடு பிள்ளை, எரியும்" என்றேன்.