தறி நின்றதும் மடங்கும் கைகள்

தறி ஓடும்போது எல்லாரும் கையால் பேசுகிறார்கள். தறி நின்றதும் ஏன் நிறுத்திவிடுகிறார்கள்? என் ஆறு வயது மகள் கேட்ட கேள்வி இது. கையால்தான் கேட்டாள். பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பட்டுத்தறிகள். ஒன்றில் கணவர், ஒன்றில் அடுத்த தெருவிலிருந்து வரும் அவருடைய அக்கா, இன்னொன்றில் கூலிக்கு நெய்பவர். மூன்றும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. இரண்டு விரல்களைக் கோத்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. மீசையை முறுக்கினால் நூல் கொடுக்கும் முதலாளி வந்திருக்கிறார். அவருக்கு மீசை கிடையாது.

போன வருடம் கைபேசி வழியாக ஒரு சைகைமொழி வகுப்பில் சேர்ந்தேன். முதல் பாடம் விரலெழுத்து. ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் இடது கை விரல் நுனிகளில் இருக்கின்றன, தொட்டால் போதும். மற்ற எழுத்துகள்தான் என்னைப் படுத்தின. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து கடைப் பலகைகளில் இருந்த ஆங்கிலப் பெயர்களை மடிமேல் விரலெழுத்தில் எழுதிப் பழகினேன். மகளின் பெயரை முதன்முதலில் தடுமாறாமல் எழுதிக் காட்டியபோது, என் விரல்களைப் பிடித்து மறுபடி எழுதச் சொன்னாள்.

நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. "கைய ஆட்டிகினே இருந்தா வாய் எப்பிடித் தொறக்கும்?" என்பார். மகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரும் சைகை வேண்டாம் என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று பயந்து கொஞ்ச நாள் நிறுத்தினேன். அந்த நாட்களில் மகள் தரையை உதைத்து உதைத்துத்தான் எதையும் கேட்டாள். மறுபடி தொடங்கிவிட்டேன்.

சென்ற மாதம் நாத்தனார் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடம் பெரிது என்பதால் எங்கள் வீட்டில்தான் ஏற்பாடு. தறிகளை நிறுத்தித் துணி போட்டு மூடியிருந்தோம்.

"மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி ரெண்டு பேரும் கைய ஆட்டாதீங்க, பேஜாராயிடும். கேசரியக் குடுத்து அவள உள்ள உக்கார வையி," என்றார் நாத்தனார்.

"உள்ள வேணாம் அண்ணி. கூடத்துலியே இருப்பா. இன்னா கேட்டாலும் நான் பதில் சொல்லுவேன்."

"ரெண்டெழுத்து கத்துகினதும் வாயப் பாரு!"

"அக்காவ எதுத்துப் பேசாத," என்றார் கணவர், தறியைப் பார்த்தபடி.

கூடத்தில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையைக் காட்டி, பெயர் என்ன என்று கேட்டாள். எல்லார் கண்ணும் எங்கள்மேல். ஓர் எழுத்து பிசகியது. திரும்ப முதலிலிருந்து எழுதினேன். நிறுத்தவில்லை.

அப்போது நாத்தனார் தலையில் பூச்சரம் அறுந்து தொங்கியது. மகள் அவரைப் பார்த்து இரண்டு விரல்களைக் கோத்துப் பிரித்தாள். அவர் கை தானாக எழும்பி 'எங்கே?' என்றது, தறியில் கேட்பது போலவே. இவள் தன் பின்னந்தலையைத் தொட்டுக் காட்டினாள். அவர் பூவைச் சரிசெய்தார். சட்டென்று நினைவு வந்து கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கொழந்த இன்னா சொல்லுச்சு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் நாத்தனார்.

"பூ அறுந்துடுச்சுன்னு அத்தைகிட்ட சொன்னா. அத்தையும் பதில் சொன்னாங்க," என்றேன் நான்.

சம்பந்தம் பேசி முடித்துத்தான் போனார்கள். மறுநாள் தறி ஓடியது, கைகளும் பேசின. மதியச் சாப்பாட்டுக்கு நின்றதும் அவள் அத்தையிடம் ஏதோ கேட்டாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இதைப் படிப்பவர்களில் காது கேளாத பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். தறி நின்ற பிறகும் நாத்தனாரின் கையைப் பேசவைக்க என்ன செய்யலாம்? உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்? எழுதுங்கள். சைகையை நிறுத்தச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம். அது எனக்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டது.