கசப்பு தெரியாத மூச்சு

நெஞ்சு நோய் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரை எல்லோரும் ‘தாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் கொதிக்கும் தண்ணீர் கொட்டி அவருடைய இடது தாடையில் தோல் சுருங்கிப்போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்ட பேச்சு போதும் போதும் என்றாகிவிட, முகத்தில் முடி அரும்பிய நாளிலிருந்து தாடி வளர்த்தார். கல்யாணமே தாடியோடுதான் நடந்தது.

தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் புதிதாக ஒரு நர்ஸ் வந்தார். காசநோயாளிகள் பக்கம் போகிறவர்கள் எல்லோருக்கும் மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று சோதிக்கத் தொடங்கினார். மாஸ்க் போட்டவர் தலையில் ஒரு பெரிய பையைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைப் பனிபோல் அடிப்பார். நாக்கில் கசந்தால் ஓரத்தில் எங்கோ காற்று நுழைகிறது என்று அர்த்தம்.

முதல் அடியிலேயே தாடியின் முகம் கோணிப்போயிற்று.

“தாடி வழியா வருதுண்ணே. இத எடுத்தாத்தான் மாஸ்க் உட்காரும். முடியாதுன்னா துணி துவைக்கிற பக்கம் மாத்தச் சொல்றேன். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் நர்ஸ்.

வார்டை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்கில் படுத்துக்கிடப்பவர்கள், எக்ஸ்ரே அறைக்குப் போய்வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்.

வீட்டுக்கு வந்து, சுற்றி வளைத்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். “உள்ள ஒரு தழும்பு இருக்கு. நீ பார்த்ததில்ல.”

“பார்க்கலதான். கை படாமலா இத்தன வருஷம் குடும்பம் நடத்துனேன்?” என்றவள், ரேசரைத் தானே கையில் எடுத்துக்கொண்டாள்.

மகள் குளியலறை வாசலில் நின்று கடைசிவரை பார்த்தாள். தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “அப்பா, உங்களுக்கும் என்ன மாதிரியே முகவாய்ல குழி இருக்கு” என்றாள்.

மறுநாள் சோதனையில் மறுபடியும் கசந்தது. ‘சிரைத்ததுதான் மிச்சம்’ என்று அவருக்கு மனம் விட்டுப்போயிற்று. நர்ஸ் விடவில்லை. கூச்சமே இல்லாமல் தழும்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“இந்த மடிப்புலதான் சந்து விழுது. பொறுங்க, இதுக்கும் ஒண்ணு இருக்கும்.”

குவிந்தது, தட்டையானது, பெரியது, சிறியது என்று விதவிதமான மாஸ்க்குகளால் மேசை நிறைந்தது. எதுவும் சரிவரவில்லை. கடைசியில் ஸ்டோருக்கே நடந்துபோய், மெத்தென்ற ரப்பர் விளிம்பு வைத்த மாஸ்க் ஒன்றை வாங்கிவந்தார். வாரை இழுத்து மாட்டி, பையைக் கவிழ்த்தார்.

“தலையத் திருப்புங்க. குனிங்க. ஏதாவது பேசுங்க.”

“என்ன பேச? ஒண்ணும் கசக்கல சிஸ்டர்.”

“நல்லா இழுத்து மூச்சு விடுங்க.”

“இழுத்துட்டேன். வெறும் ரப்பர் வாசனதான்.”

பைக்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க வழியில்லை. நர்ஸ் மேசையில் கிடந்தவற்றை அடுக்குவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு லாரி டிரைவர் வார்டில் சேர்ந்தார். விடாத இருமல். அவரை எக்ஸ்ரேவுக்கும் வார்டுக்குமாகத் தாடிதான் தள்ளினார். பிறகுதான் தெரிந்தது, அது வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய். அவர் அருகில் போன எல்லோருக்கும் பரிசோதனை வைத்தார்கள். முடிவு வரும்வரை தாடிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவருக்கும் தொற்றவில்லை.

நர்ஸின் அறைக்குப் போனார். வழியெல்லாம் யோசித்துவைத்த பேச்சு வாசலிலேயே மறந்துபோயிற்று.

“சிஸ்டர், என் பொண்ணு என் கழுத்தக் கட்டிக்கிட்டுதான் தூங்குவா.” அவ்வளவுதான் வந்தது.

“உக்காருங்கண்ணே. டீ சொல்றேன்.”

டீ குடிக்கும்போது நர்ஸ் சொன்னார்: லாரி டிரைவருக்கு மருந்து மாற்றியாயிற்று, காய்ச்சல் விட்டு, காலையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அதைக் கேட்டதும் தாடி மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். அந்த டிரைவரை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போக நேரமாகியிருந்தது.