மூங்கில் கம்பி இறங்கவில்லை

எழிலரசிக்கு வாய் ஜாஸ்தி என்று சிதம்பரத்தில் அவள் தெருவே சொல்லும். சொல்லட்டுமே! சுனாமி வந்து போன்களெல்லாம் செத்துக் கிடந்தபோது, ஹாம் ரேடியோக்காரர்கள் கடலூரில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு சேதி அனுப்பியதை நேரில் பார்த்தவள் அவள். பார்த்ததோடு விடாமல் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாள். பகலில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, சாயங்காலம் டொக்கு டொக்கென்று மோர்ஸ் தந்தி. மொட்டை மாடியில் மூங்கில் நட்டு அவளே ரேடியோவுக்கு ஏரியல் கம்பி கட்டினாள்.

2008-ல் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சேரன் நல்ல மாதிரிதான், சிரித்துப் பேசினான். அவன் அம்மா ராசம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"அது என்னா கம்பி? கல்யாணத்துக்கப்புறம் அதெல்லாம் வாணாம்."

"எடுத்துடலாம்மா," என்றார் தட்சிணாமூர்த்தி மாமா. சம்பந்தம் கொண்டுவந்தவர், அவருக்கென்ன! கட்டினது அவரா?

சேரன் போனை ஆட்டினான். "எஸ்.எம்.எஸ். இருக்கறப்போ இந்த டொக்கு டொக்கு எதுக்குங்க?"

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "போட்டி வச்சுடுவோம். மாப்ள ஜெயிச்சா கம்பி எறங்கிடணும்."

"நான் ஜெயிச்சா கம்பி என்னோட மஞ்சக்குப்பம் வரும். உங்க மாடியில நிக்கும். சம்மதமா?" என்றாள் எழிலரசி. எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

பரங்கிப்பேட்டையில் இருந்த சிநேகிதி சௌந்தரம் டீச்சரும் லைசென்ஸ்காரி. ரேடியோவும் செல்போனும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது முதலில் முழுசாக வருகிறதோ அதை லேண்ட்லைனில் சொல்வதாக ஏற்பாடு. மாமா வாக்கியம் கொடுத்தார்: நாளைக்கு எட்டு மணிக்கு கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன், குடை எடுத்து வா. இரண்டு பேரும் இங்கிலீஷ் எழுத்தில்தான் அனுப்ப வேண்டும்.

சேரன் கட்டைவிரல் பறந்தது. எழிலரசியோ சேதியைத் தொடாமல், முதலில் டீச்சரின் அழைப்புக் குறியையும் தன் குறியையும் தட்டினாள். அது சட்டம், விடமாட்டாள். அம்மா மங்கலத்துக்கு அப்பாடா என்றிருந்தது. மக நல்ல புத்தியோட விட்டுக்குடுக்குறா என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

விட்டாளா? பிறகு பொரிந்து தள்ளினாள். சேரன் "குடை"க்கு வருவதற்குள் லேண்ட்லைன் அடித்தது. மாமா எடுத்தார். டீச்சர் மோர்ஸில் வந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். மாமா முகம் தொங்கிப்போனது.

"ஜெயிச்சா என்னா? கம்பி எங்க வீட்டுக்கு வராது," என்றாள் ராசம்மாள்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுதானம்மா," என்று மாமா குழைந்தார்.

எழிலரசிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "வெளையாட்டா மாமா? நான் தோத்திருந்தா இந்நேரம் ஏணி சாத்தியிருப்பீங்க. அப்ப அது வெளையாட்டு இல்ல, இல்ல?"

அவள் சேரனைப் பார்த்தாள். "நீங்களும் தலையாட்டுனீங்க. நீங்க சொல்லுங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு குனிந்து போனைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். நியாயமாகவே காத்திருந்தாள். அவன் நிமிரவில்லை.

"மாமா, கடலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவுங்கள ஏத்திவுட்டுட்டு வாங்க," என்றாள்.