துடக்கு வீட்டு ஆண்டுவிழா

எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கும் எனக்கும் ஒரே வயது. சங்கத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டிய மாதத்தில்தான் நான் பிறந்தேன். அதனால் நான் எப்போது அடம்பிடித்தாலும் "சங்கத்தோடை பிறந்ததெல்லே" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சங்கத்தின் காரியதரிசி என் மாமி, ஐயாவின் தங்கை. புருஷன் போனபின் வெங்காயத் தோட்டத்தைத் தனியே செய்தவர். சங்கத்தின் போஷகர் ஐயாவின் அண்ணன், என் பெரியப்பா. ஐயாவுக்குக் கொழும்பில் கிளாக்கர் வேலை. லீவில் வந்து, மாம்பழம் தின்று, மாம்பழம் கட்டிக்கொண்டு போய்விடுவார். ஆகவே எங்கள் வீட்டில் எதற்கும் முடிவு சொல்வது பக்கத்து வளவுப் பெரியப்பாதான்.

மாதர் சங்கத்துக்கு ஏன் ஓர் ஆண் போஷகர் என்று அந்த நாளில் யாரும் கேட்டதில்லை. ஆண்டுவிழாவில் பெண்கள் கோலம் போடுவார்கள், நிறைகுடம் வைப்பார்கள், பலகாரம் சுடுவார்கள். பெரியப்பா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சங்கத்தின் வரலாற்றைப் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டால், ஒருநாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பெண்கள்மேல் இரக்கம் வந்து அவரே சங்கத்தைத் தொடங்கினார் என்றுதான் தோன்றும்.

நடந்தது வேறு. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்காக மாட்டுவண்டிலில் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள். அதற்குப் பிறகு பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைத்தார்கள். சேர்ந்ததைச் சந்தையில் விற்று, பஸ் ஏறி அரசாங்கக் கச்சேரிக்குப் போய், ஊருக்கு ஒரு மருத்துவிச்சி வேண்டும் என்று கேட்டார்கள். நாளைக்கு வாருங்கள் என்றார்கள், நாளைக்கும் போனார்கள். கடைசியில் தொல்லை தாங்காமல் ஒரு மருத்துவிச்சியை அனுப்பினார்கள். அவர் கையில் முதலில் விழுந்த பிள்ளை நான்.

எனக்கும் சங்கத்துக்கும் பதின்மூன்று வயதான வருடம், வரலாற்றை நான்தான் பேசவேண்டும் என்று மாமி முடிவுசெய்தார். வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டே எனக்குச் சொல்லித்தந்தார். நான் கிணற்றடி, பூவரச மரம், ஆட்டுக்கொட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று பேசிப் பழகினேன். பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் முடிவுரை தன்னுடையதுதானே என்று நெல்லியடியிலிருந்து ஒலிபெருக்கி ஒழுங்குசெய்தார். ஒரு குழாய் வாசிகசாலைக் கூரையில், இன்னொன்று பனைமரத்தில். தன் குரல் கடற்கரைவரை கேட்கவேண்டும் என்பது அவர் ஆசை.

விழாவுக்குச் சில நாட்கள் முன்பு நான் பெரியபிள்ளையானேன். சீருடையோடேயே என்னை முற்றத்துப் பக்க அறையில் கொண்டுபோய் இருத்தினார்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்தார்கள். துடக்கு, அதாவது தீட்டு, கழியத் தண்ணீர் வார்க்கும்வரை வெளியே வரக்கூடாது, ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பெரியப்பா முற்றத்தில் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்று, இரண்டு முடிவுகளை அறிவித்தார். வரலாற்றை வழமைபோல் தானே பேசுவாராம். அடுத்தது, "பெட்டை படிச்சது காணும். இனி நெல்லியடிப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏற வேண்டாம்."

அம்மா அடுப்படியில் இருந்தார். அம்மா எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. நான் குப்புறப் படுத்து அழுதேன். உண்மையைச் சொன்னால், பள்ளிக்கூடம் இல்லாமற் போனதைவிடப் பேச்சுப் போனதுதான் எனக்குப் பெரிய துக்கம்.

செய்தி கேட்டு மாமி மண்வெட்டியோடேயே வந்தார். யன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாம் கேட்டேன்.

"அண்ணை, பெட்டையை ஆம்பிளையள் காணக்கூடாது எண்டுதானே வழமை?"

"ஓம்."

"அவள் கதைக்கிறதைக் கேக்கக்கூடாது எண்டு எங்கையும் இருக்கோ?"

பெரியப்பா யோசித்தார். யோசித்ததுதான் அவர் விட்ட பிழை. அதற்குள் மாமி, இந்த முறை ஆண்டுவிழா வாசிகசாலையில் இல்லை, இந்த முற்றத்தில்தான் என்று சொல்லிவிட்டார். துடக்கு வீட்டில் விளக்கேற்ற முடியாதே என்று பெரியப்பா கேட்டார். அப்படியென்றால் பகலிலேயே வைப்போம் என்றார் மாமி. பெரியப்பா அதற்குமேல் வாதாடவில்லை. துடக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் திரும்பிப்போய்த் தலைமுழுகவேண்டும்; அந்தக் கரைச்சலுக்கு யார் வரப்போகிறார்கள் என்று அவர் நம்பியிருந்தார்.

வந்தார்கள். அவரவர் பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முற்றம் நிறைந்து மாட்டுக்கொட்டில்வரை இருந்தார்கள். அன்று பின்னேரம் ஊர்க் கிணறுகளெல்லாம் கலங்கியிருக்கும். ஆண்கள் கிடுகு வேலிக்கு அப்பால் ஒழுங்கையில் நின்றார்கள். பெரியப்பா வாசிகசாலை விறாந்தையில், தான் ஒழுங்குசெய்த குழாய்க்குக் கீழே, கதிரை போட்டு இருந்தாராம்.

ஒலிபெருக்கிக்காரர் அறைப்பக்கம் வரக்கூடாது. அதனால் அவர் வேலிப் படலையில் நின்றபடி அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். எந்தச் சுவிச்சைத் தட்டுவது, வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அம்மா மைக்கை இரண்டு கைகளாலும் பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு, வயரை இழுத்தபடி அறைக்குள் வந்து என் பக்கத்தில் பாயில் இருந்தார்.

நான் பேசினேன். வண்டில், பிடி அரிசி, கச்சேரி, மருத்துவிச்சி. நான் சொன்ன ஒவ்வொன்றையும் பனைமரம் சற்றுப் பிந்தித் திருப்பிச் சொன்னது. பெரியப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது மாமியின் மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றியுரை மட்டுமே மிச்சம் இருந்தது. அதைத் தொடங்க மூச்சு வாங்கினேன். அம்மா மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"நான் இவளின்ரை தாய் கதைக்கிறன்," என்றார். மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தார். "இது எனக்குச் சீதனமாத் தந்த வீடு. என்னையும் அஞ்சாம் வகுப்போடை மறிச்சு இந்த அறையிலைதான் இருத்தினவை. என்ரை பிள்ளை தண்ணி வாத்த அடுத்த திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போவாள். மறிக்கிற ஆக்கள் இருந்தால், படலை திறந்துதான் கிடக்கு, உள்ளை வந்து சொல்லுங்கோ."

துடக்கு வீட்டுக்குள் எந்த ஆண் வருவான்? ஒழுங்கையில் ஒருவரும் இருமக்கூட இல்லை. கைதட்டலும் இல்லை. எனக்குப் பயம் பிடித்தது. "பற்றரி இறங்கிப்போச்சோ அம்மா?" என்று கேட்டேன். பனைமரம் அதையும் ஊருக்கெல்லாம் சொன்னது. ஒருவரும் சிரிக்கவில்லை. யன்னல் நீக்கலால் பார்த்தேன். பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் அறுத்தும் கண் கலங்காத மாமியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சொன்ன திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன். அடுத்த வருடம் குனிய நிமிர முடியாத நாரி நோவென்று சொல்லிப் பெரியப்பா போஷகர் பதவியை விட்டார். அதற்குப் பிறகு சங்கத்துக்குப் போஷகரே இருந்ததில்லை.

ஆனால் விழா முடிந்த அந்தப் பொழுதில் இவையெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. களி கொண்டுவந்த அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எவ்வளவு பாடுபட்டுப் பாடமாக்கிய பேச்சு. கடைசி வரியில் வந்து குழப்பிவிட்டார்.

"என்னை நன்றி சொல்ல விடேல்லையே," என்றேன்.

"ஆருக்குப் பிள்ளை நன்றி சொல்ல இருந்தது?"

நான் பாடமாக்கிய ஒழுங்கிலேயே சொன்னேன். அங்கத்தவர்களுக்கு, கச்சேரிக்காரருக்கு, மருத்துவிச்சிக்கு, பாய் கொண்டுவந்தவர்களுக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு. அம்மா களியை உருட்டித் தந்துகொண்டே முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும், நல்லாய்த்தான் இருக்கு என்றார். அம்மாவை விட்டுவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.