அண்ணி ஆடிய புல்தரை

முருங்கை மரம் விழுந்த சத்தம் கேட்டு அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கொல்லையில் அண்ணன் அரைக்கால் சட்டையோடு நின்று, அடுத்து வெட்ட வேண்டிய வாழைகளை ஆட்களுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தான். அவள் ஊன்றி வளர்த்த கறிவேப்பிலை, கத்தரிப் பாத்தி, அவரைப் பந்தல் எல்லாம் பொழுது சாய்வதற்குள் போயிற்று. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றாள். "சொன்னா வேணாம்ப" என்றான் அண்ணன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கூத்தாநல்லூரை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன் சிங்கப்பூரில் இன்ஜினீயர். அப்பாவுக்கு வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனபோது, அவரைப் பார்த்துக்கொள்ள அண்ணியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனான். வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவான். அங்கே மேலதிகாரியோடு கோல்ஃப் ஆடப் பழகியிருந்தான். பந்தைக் கடைசியாகக் குழிக்குள் உருட்டி விடுவார்களே, அந்த வழவழப்பான புல்தரை தன் வீட்டுக் கொல்லையிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டான். களிமண்ணைத் தோண்டி எடுத்து, ஜல்லி கொட்டி, மணல் பரப்பி, பெங்களூரிலிருந்து லாரியில் புல் இறக்கினான். வேலைக்கு வந்த பெண்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "நம்ம அருகம்புல்லு மாதிரில்ல இருக்கு! வயல்ல இதப் புடுங்குறதுக்குத்தான் இத்தன நாளு கூலி வாங்குனோம்."

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் பிந்தியது. அக்கம்பக்கத்து நாற்றங்கால்கள் வெடித்துக் கிடக்க, எங்கள் போர் மோட்டார் புல்லுக்கு ஓடியது. அண்ணன் சிங்கப்பூரில் இருந்தான். ஊர் ஏசியது அண்ணியைத்தான். அப்பாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிய பிறகு அவள் புல்லுக்கும் தண்ணீர் விட்டு, புல் வெட்டும் வண்டியையும் தள்ளினாள். போனில் அண்ணன் முதலில் கேட்பது, "புல்லு எப்படி இருக்கு?"

தஞ்சாவூரில் வங்கி வேலையில் இருந்த நான் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் ஊருக்குப் போனேன். கொல்லையில் அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணனின் மட்டையோடு குனிந்து நின்றாள். பந்து மெல்ல உருண்டு, வளைந்து, குழிக்குள் விழுந்தது. உடனே ஜன்னலுக்குள்ளிருந்து டொக் டொக்கென்று ஒரு சத்தம். கட்டிலில் படுத்திருந்த அப்பா இடது கையால் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கோணிப்போன அந்த வாயில் சிரிப்பு. வாதம் வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "மாமாவுக்குப் பொழுது போகுதும்மா" என்றாள் அண்ணி. பிறகு வெட்கத்தோடு, "எனக்குந்தான்" என்றாள்.

அடுத்த விடுப்பில் அண்ணன் தன் மேலதிகாரியை அழைத்துவந்தான். பெரிய கோயிலைப் பார்க்க வந்த மனிதர், தமிழர்தான். நானும் அன்று வீட்டில் இருந்தேன். அண்ணன் மட்டையைப் பிடிப்பதைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டு அடித்தான். பந்து குழியைத் தாண்டி ஓடியது. மறுபடியும் ஓடியது. காப்பி கொண்டுவந்த அண்ணியிடம் அவர் விளையாட்டாக, "நீங்க ஒண்ணு அடிங்களேன் சிஸ்டர்" என்றார். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்தபடி மட்டையை நீட்டினான். அவள் அடித்தாள், விழுந்தது. தள்ளிப்போய் நின்று அடிக்கச் சொன்னார், அதுவும் விழுந்தது. உள்ளேயிருந்து டொக் டொக். "இந்த வீட்ல யாரு பிளேயருன்னு இப்பல்ல தெரியுது!" என்று அவர் கைதட்டினார். அண்ணனும் கைதட்டினான். அவன் கண்ணை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் சிமெண்ட் மூட்டை வந்து இறங்கியது. கார் நிறுத்த இடம் வேண்டுமாம். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவனுக்கு என்ன கார்? "தோத்துட்டல்ல, அதுக்குத்தானே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "என் வீடு, என் புல்லு. நீ உன் வேலையப் பாரு" என்றான். சல்லடையில் சலித்த மணலையும் புல்லையும் கடப்பாரை புரட்டிப் போடுவதைப் பார்த்துவிட்டு அண்ணி உள்ளே போனாள். அப்பா ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். கடைசிவரை அதைத் திறக்க விடவில்லை.

அப்பாவின் கருமாதி முடிந்த அன்று, பந்தல் பிரிப்பதற்குள் அண்ணன் அவளிடம், "இனிமே இங்க என்ன இருக்கு, சிங்கப்பூருக்குக் கெளம்பு" என்றான், பெரிய மனது பண்ணுகிறவனைப் போல. அவள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அங்க வந்து நான் எதப் பாத்துக்கணும்?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. அவள் போகவில்லை. கல்யாணத்துக்கு முன் முடித்திருந்த ஆசிரியர் பயிற்சி கைகொடுத்தது. திருவாரூரில் ஒரு பள்ளியில் சேர்ந்து, வாடகைக்கு வீடு பிடித்துக்கொண்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

அண்ணன் ஓய்வுபெற்றுச் சென்னையில் தனியாக இருக்கிறான். போன வாரம் போன் செய்தான். மூட்டு வலி, சமையல்காரி சரியில்லை என்று அடுக்கிவிட்டு, "அவளுக்கு நான் என்னடி கொற வெச்சேன்? ஒனக்காவது தெரியுமா?" என்று கேட்டான். அவன் நடிக்கவில்லை, உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போனை வைத்துவிட்டேன்.